ஒரு பனியன், பல கைகள்

திருப்பூரில் உருவாகும் ஒரு பனியனை எவரும் தனியே தைத்து முடிப்பதில்லை. கட்டிங் மாஸ்டர் துணியை அளவாக வெட்டித் தருகிறார். ஓவர்லாக் பொறியில் அமர்ந்தவர் தோளையும் பக்கங்களையும் இணைக்கிறார். பேட்லாக் பொறியில் அமர்ந்தவர் விளிம்புகளை மடித்துத் தைக்கிறார். அவர்களருகே துணியை எடுத்துக் கொடுத்தும் அடுக்கியும் உதவுபவர் 'கைமடி' எனப்படுகிறார். பின்னர்ப் பிசிறு வெட்டுதல், செக்கிங், இஸ்திரி, பேக்கிங் எனப் பணி தொடர்கிறது.

இவ்வாறு வேலையைப் பிரிப்பதன் பயனை 1776-ஆம் ஆண்டில் ஆடம் ஸ்மித் குண்டூசிப் பட்டறை ஒன்றைக் கொண்டு விளக்கினார். பத்துப் பேர் பணிகளைப் பகிர்ந்துகொண்டு நாளொன்றுக்கு 48,000-க்கும் மேற்பட்ட குண்டூசிகளைச் செய்தனர் என்றும், பயிற்சியற்ற ஒருவர் தனியே முயன்றால் இருபதுகூடச் செய்ய இயலாது என்றும் அவர் எழுதினார்.

வேலையைப் பிரிப்பது எளிது. கூலியைப் பிரிப்பதே அரிது. ஷிப்டுக் கணக்கில் ஊதியம் பெறுபவருக்கு நேரமே அளவு. ஆகவே, விரைந்து செய்பவரும் மெல்லச் செய்பவரும் ஒரே கூலியைப் பெறக்கூடும். பீஸ் ரேட்டில் உழைப்பவருக்குத் தைத்த உருப்படிகளே அளவு. அங்கே கைவேகத்திற்கு மதிப்புண்டு. ஆயினும், முன்னிருப்பவர் தாமதித்தாலோ மின்சாரம் தடைப்பட்டாலோ பின்னிருப்பவரின் பொறி ஓய்ந்துவிடுகிறது. தம் பிழையில்லாமலே அவர் கூலியை இழக்கிறார்.

இதனினும் நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. தையற்காரரைவிடக் கைமடிக்கும் பிசிறு வெட்டுபவருக்கும் கூலி குறைவு. இப்பணிகளில் பெண்களே மிகுதி. ஆண், பெண் இருபாலர்க்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை நம் அரசமைப்பின் 39-ஆம் உறுப்பு அரசின் கொள்கை நெறியாக வைத்துள்ளது. ஆனால், வேலைகள் வெவ்வேறு பெயர் பெற்றுவிட்டால் எது சம வேலை என்று எவ்வாறு அளப்பது? பயின்ற திறனுக்குக் கூடுதல் கூலி தருவது முறையே. எனினும், ஒரு பணியை எளிதெனக் கருதுவது அதன் தன்மையாலா, அதைச் செய்பவர் பெண் என்பதாலா என்று வினவுதல் வேண்டும்.

செக்கிங் செய்பவரின் கண் ஒரு சிறு ஓட்டையைத் தவறவிட்டால் அந்த உருப்படி கழிக்கப்படுகிறது. வெட்டியவர், தைத்தவர் ஆகிய அனைவரின் உழைப்பும் அதனுடன் வீணாகிறது. குறைந்த கூலி பெறும் அவரே மற்றவர் உழைப்பைக் காக்கிறார். கூலியைப் பங்கிடுவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதனையே.