எண்ணெய்தான்டா, கிரீஸ் இல்ல!

எங்க வீட்டில் ரெண்டு தாத்தா. ஒருத்தர் அப்பாவைப் பெத்த தாத்தா, வயசு 78. இன்னொருத்தர் வாசல் ஷெட்டில் நிற்கும் 1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். 1976-ல் தாத்தா அதை செகண்ட் ஹேண்டாக வாங்கினார். அப்பாவுக்குப் பெண் பார்க்கப் போனது, நான் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது எல்லாம் அதில்தான்.

ஹெரால்டு என்றால் இப்போ நிறைய பேருக்குத் தெரியாது பாஸ். நம்ம வண்டலூரில் தயாரான வண்டி. இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஹெரால்டு, இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-ல் வந்தது. 948 சி.சி. இன்ஜின். மத்த கார் மாதிரி பானட்டை மட்டும் தூக்க முடியாது. முன் மட்கார்டு, ஹெட்லைட்டோடு மொத்த மூஞ்சியும் முன்பக்கமாகக் கவிழும். அப்புறம் டயர் மேலேயே உட்கார்ந்து ஹாயாக வேலை பார்க்கலாம். ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்தால் ஆட்டோ மாதிரி திரும்பும். எங்க திருவானைக்கோவில் சந்துக்கென்றே செஞ்ச வண்டி!

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்த முதல் வருஷமே வண்டியில் கை வைத்துவிட்டேன். படிச்ச திமிர்! முதலில் என் ஸ்பேனர் செட் எதுவும் பொருந்தவில்லை. ஹெரால்டு நட்டு எல்லாம் இன்ச் கணக்கு. 7/16 நட்டில் 11 நம்பர் ஸ்பேனர் ஏறாது, 12 போட்டால் வழுக்கும். நாலு நட்டை உருட்டித் தேய்த்தபிறகு தாத்தா ஒண்ணுமே சொல்லாமல் தன் துருப்பிடித்த தகரப்பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஹி... ஹி...

அடுத்து மியூசிக் சிஸ்டம். சிக்னலில் பாட்டு அலறும், அடுத்த ஸ்டார்ட்டில் பேட்டரி செத்திருக்கும். பழைய டைனமோ ஸ்லோவில் ஓடும்போது சார்ஜே பண்ணாது என்று அப்போதான் புரிந்தது. லேத்தில் பிராக்கெட் அடித்து, மாருதி 800 ஆல்டர்னேட்டரை மாட்டினேன். சூப்பராக வேலை செய்தது. தெருவில் ஹீரோ ஆகிவிட்டேன். பெட்ரோலில் எத்தனால் 20 சதவிகிதம் என்று ஆனதும், பழைய ரப்பர் டியூப் தாங்காது என்று அதையும் மாற்றினேன். அதுவும் சரியான வேலைதான்.

நான் சொல்ல வந்தது வேற ஒரு 'அப்கிரேடு' பற்றி.

ஹெரால்டில் முன் சக்கரத்தைத் தாங்குவது செங்குத்தான ஒரு இரும்புத் தண்டு. அதன் அடிப்பாகத்தில் மரை இருக்கும். அது ட்ரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் போல்ட், நட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுற்றிக்கொடுக்கும். வண்டியின் முன்பக்க பாரம் முழுக்க அந்த ரெண்டு மரையில்.

தாத்தா சில மாசத்துக்கு ஒரு முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுப்பார். ட்ரன்னியனில் இருக்கும் குட்டி பிளக்கைக் கழற்றி, நிப்பிளை மாட்டி, கன்னில் 90-ம் நம்பர் கியர் ஆயிலை ஊற்றி அடிப்பார். எண்ணெய் வெளியே வழியும் வரை அடித்துவிட்டு, நிப்பிளைக் கழற்றி மறுபடி பிளக்கைப் போடுவார். அப்புறம் ரெண்டு நாளைக்கு வாசலில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். பாட்டி கோலம் போடுகிற இடமே அதுதான். "இந்த மனுஷனும் இந்தக் காரும்..." என்று ஆரம்பித்தால் காபி வரும் வரை ஓயாது.

தாத்தாவுக்கு முழங்கால் மடக்க முடியாமல் போனதும் அந்த வேலை என்னிடம் வந்தது. "எண்ணெய்தான்டா அடிக்கணும், கிரீஸ் இல்ல" என்றார். நான் மண்டையை ஆட்டினேன். மனசுக்குள், 'பெரிசு அந்தக் காலத்துல கிரீஸ் கிடைக்காம எண்ணெய் ஊத்தியிருக்கும்' என்று கமென்ட். எல்லா வண்டிக்கும் ஒர்க்‌ஷாப்பில் நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் கன்னைத்தானே வைக்கிறார்கள்? பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு நிரந்தரமாக நிப்பிள் மாட்டி, நல்ல கிரீஸாக வாங்கி அடித்தேன். வாசலில் ஒரு சொட்டு இல்லை. "பேரன் வேலைன்னா வேலை!" என்று பாட்டி பாயசமே வைத்துக்கொடுத்தாள். நாலு வருஷம் அப்படியே ஓடியது.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. தாத்தாவும் பாட்டியும் சமயபுரம் போய்விட்டு வந்தார்கள். ஓட்டியது தாத்தா. ஹைவேயில் வந்து, கொள்ளிடம் பாலம் தாண்டி, தெருவுக்குள் நுழைந்து, வாசலில் ஏற்ற ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்திருக்கிறார். 'டக்'கென்று ஒரு சத்தம். நான் ஓடிவந்து பார்த்தால், இடது பக்க முன் சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மல்லாக்க மடங்கிக் கிடக்கிறது. வண்டி முழங்கால் போட்ட மாடு மாதிரி சாய்ந்து நிற்கிறது. நல்லவேளை, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லை. பாட்டி கையில் பிரசாதம்கூடச் சிந்தவில்லை.

தாத்தா இறங்கி சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மெதுவாக, "கல்லு ஏதோ இருந்திருக்கு, நான் பார்க்கல. கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்றார். சாவியை ஆணியில் மாட்டினார். சாயங்காலம் அப்பா, "போதும்ப்பா, யாராவது சேகரிக்கிறவங்க இருந்தா குடுத்துடலாம்" என்றபோது, தாத்தா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பது வருஷத்தில் முதல் தடவை!

மறுநாள் நான் அதைக் கழற்றினேன். தண்டு மரை இருக்கும் இடத்திலேயே துண்டாகியிருந்தது. உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். முக்கால்வாசிக்கு மேல் காவி நிறத்தில் துரு. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் பளபளவென்று புது உடைப்பு. லேபில் படித்தது கண் முன்னால். துரு ஏறிய பகுதி எப்போதோ விரிசல் விட்டுவிட்டது, பளபள பகுதிதான் நேற்று உடைந்தது. அதாவது, மாசக்கணக்கில் அந்தக் கால்வாசி இரும்புதான் எங்க குடும்பத்தையே தாங்கியிருக்கிறது.

ட்ரன்னியனுக்குள் பார்த்தேன். நிப்பிள் பக்கத்தில் என் கிரீஸ் காய்ந்த அல்வா மாதிரி கட்டியாக இருக்கிறது. அதற்குக் கீழே மரைக்குள் துளிகூடப் போகவில்லை. அங்கே இருந்ததெல்லாம் தண்ணீரும் துருவும். எண்ணெய் என்றால் இண்டு இடுக்கெல்லாம் இறங்கும், தண்ணீரை உள்ளே விடாது. கிரீஸ் வைத்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். தாத்தாவின் தகரப்பெட்டியில் வண்டியோடு வந்த புத்தகம் இருந்தது. பிரித்தால், அந்த இடத்துக்கு கியர் ஆயில் என்றுதான் அச்சடித்திருக்கிறது. பக்கத்தில் தாத்தா பேனாவால் கோடு வேறு போட்டிருக்கிறார்.

கல்லும் இல்லை, கண்ணும் இல்லை. நான்தான்.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பதினொரு நாள் சொல்லவில்லை. அவர் தினமும் காலையில் வாசலுக்கு வந்து, ஜாக்கி மேல் நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். கண் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கச் சொன்னார். பேப்பர் படிக்கும்போது ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொள்வார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்பவும் கேவலமாக இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு போய் அவர் ஈஸிசேர் முன்னால் உட்கார்ந்தேன். "தாத்தா, நீங்க எதுலயும் ஏத்தல. நான் நாலு வருஷமா கிரீஸ்தான் அடிச்சேன்." துண்டை வாங்கி விரலால் அந்தத் துரு ஓரத்தைத் தடவினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "பாலத்து மேல அறுபதுல வந்தேன்டா. பாட்டி பக்கத்துல உக்காந்து தூங்கிட்டு வந்தா" என்றார். அவ்வளவுதான். அதுக்கு நாலு அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் காலையில் அவரே என்னை எழுப்பினார். "வலது பக்கம் கழட்டிப் பார்த்தியா?"

பார்த்தேன். அதிலும் துரு.

இந்தப் பாகங்களை இங்கிலாந்தில் இப்பவும் புதுசாகச் செய்கிறார்கள். ரெண்டு பக்கத்துக்கும் தண்டு, ட்ரன்னியன், கூடவே பிரேக் ஹோஸும் வரவழைத்தோம். பார்சலும் கஸ்டம்ஸும் சேர்ந்து என் பார்ட் டைம் சம்பளத்தை முழுங்கிவிட்டது. டிஸ்க் பிரேக்குக்கு மாற்றலாம் என்று நான் ஆரம்பித்தேன். "முதல்ல சக்கரம் நிக்கட்டும். அப்புறம் வண்டிய நிறுத்துறதப் பத்திப் பேசலாம்" என்று தாத்தா முடித்துவிட்டார். அப்பா, விண்டேஜ் பதிவு வாங்கலாமே என்றார். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விதி. ஆனால் அதில் பதிந்தால் கண்காட்சி, ராலி மாதிரி விஷயங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்டக்கூடாது. "அப்ப உங்க அம்மா எப்படி சமயபுரம் போவா?" என்றார் தாத்தா. மேட்டர் ஓவர்.

கண் டாக்டரிடமும் போனோம். ஒரு கண்ணில் புரை இருந்தது நிஜம்தான். ஆபரேஷன் ஆச்சு. இப்போ பகலில் மட்டும் ஓட்டுகிறார். ஆறு மணிக்கு மேல் சாவி என்னிடம்.

ஆயில் கன்னில் தாத்தா சிவப்பு பெயின்ட்டில் 'எண்ணெய்' என்று எழுதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் அடியில் படுக்க, அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "வழியுதா? வழியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். வழிந்தால்தான் எழுந்து போவார். வாசலில் மறுபடியும் சொட்டுச் சொட்டாக எண்ணெய். பாட்டி கோலத்தை ரெண்டடி தள்ளிப் போடுகிறாள்.