வலி மாத்திரைக்கு முன் ஒரு கணக்கு

மூட்டுத் தேய்மானத்தோடு வரும் முதியவருக்கு வலி மாத்திரை எழுதுமுன், முழங்கால் எக்ஸ்ரேயைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது சிறுநீரகம் என்பது என் கருத்து. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.0 என்று வந்தால் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. வயதாகித் தசை வற்றினால், சிறுநீரகம் தளர்ந்தாலும் அந்த எண் ஏறாது. 1976 முதல் புழக்கத்தில் உள்ள காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் 80 வயது, 45 கிலோ எடை, பெண் என்று போட்டுப் பாருங்கள்: அதே 1.0-க்கு வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 32 மில்லிதான். இந்த அம்மா பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் ஏற்கெனவே விழுங்குகிறார். அதன்மேல் டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ சேர்ந்தால், வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாய் அதனால் சுருங்கும், வெளியேறும் குழாய் டெல்மிசார்ட்டானால் விரியும், நீர் பிரியும் மாத்திரையால் ரத்தத்தில் நீரும் குறையும். மூன்றும் கூடி வடிகட்டும் அழுத்தத்தை விழச் செய்யும். (மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்ததால் 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தோம். மனிதருக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலே கொடுத்துவிடுகிறார்கள்.)

ஆகவே வலிக்கும் மூட்டில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல், அதோடு பாரசிட்டமால் என்றுதான் தொடங்குகிறேன். 45 கிலோ உடம்புக்கு 650 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, வலி வரக் காத்திராமல் நேரம் பார்த்து. பாரசிட்டமால் மூட்டுத் தேய்மானத்துக்குப் பெரிதாகக் கேட்காது என்று இளைய மருத்துவர்கள் மறுப்பார்கள். ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. இரண்டு வாரத்தில் பலன் தெரியாவிட்டால் அதையும் நிறுத்திவிடலாம். ஜெல்லின் கதை வேறு: முழங்காலுக்கு நன்றாகவே கேட்கிறது, ரத்தத்தில் சேர்வதும் சொற்பம்.

“இந்த வயசுல கிட்னியைப் பார்த்துப் பார்த்து வலியோட கிடக்கணுமா?” என்று மகனோ மகளோ கேட்பதில் நியாயம் இருக்கிறது. வலியோடு படுத்தே கிடந்தால் தசை கரையும், எழும்போது விழுவார். சிறுநீரகம் இடம்கொடுத்தால், வயிற்றுக்கான மாத்திரையோடு சில நாட்களுக்கு வலி மாத்திரை கொடுக்கலாம். டிராமடால் பக்கம் போக எனக்குத் தயக்கம் உண்டு: தலைசுற்றல், மலச்சிக்கல், சோடியம் குறைவு. நாள்பட்ட முதுகுவலிக்கும் இடுப்பு, முழங்கால் தேய்மானத்துக்கும் டிராமடால் சேர்ந்த ஓபியாய்டு வகை மருந்துகள் ஓராண்டுக் கணக்கில் மற்றவற்றைவிட மேலாக உதவவில்லை என்று 2018-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பதைவிட, இரவில் துணையில்லாமல் கழிவறைக்குப் போய்வர முடிகிறதா என்று கேட்கலாம். வலியைப் பாதியாக்கி நடையைத் தள்ளாட வைத்த மாத்திரையை நான் பலித்த மருந்தாக எண்ணுவதில்லை. எதைக் கொடுத்தாலும் நிறுத்தும் தேதியைச் சீட்டிலேயே எழுதிவிட வேண்டும். பழைய சீட்டை நீட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடுவதை அது கொஞ்சமாவது தடுக்கும்.