கெப்பை உயர்த்தப் போகிறவர்களுக்கு



ஊரில் கெப் வைத்திருக்கிறவர்களுக்கு இப்போது ஸ்பேசர் ஆசை பிடித்திருக்கிறது. வட்டைக்குப் போகிற கெப்பும் உயர்கிறது, கல்யாண வீட்டு வாசலில் மட்டும் நிற்கிற கெப்பும் உயர்கிறது. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்று கிடந்ததில், இருக்கிறதையே புதுசு பண்ணிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது போல. எங்கள் வீட்டு ஹைலக்ஸ் வீகோவுக்கும் போன மாதம் செய்தோம். சந்தியில் மறித்துக் கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு தரமும் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று பட்டது.

கெப் வாப்பா விட்டுப்போனது. சகோதரர்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் ஓட்டுகிறோம். நெல் மூடையும் அதில்தான், கிழமைக்கு இரண்டு முறை உம்மாவை டயலிசிஸுக்குக் கொண்டுபோவதும் அதில்தான். அதனால் அதில் கை வைப்பதென்றால் மூன்று பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கடைசித் தம்பி மூன்று அங்குலம் கேட்டான். முன்னுக்கு ஸ்பேசர், பின்னுக்கு ப்ளொக். காரணமும் சொன்னான். மாரியில் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் உம்மாவை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது? கெப் உயரமாக இருந்தால் கடந்துவிடலாமே. இது விளையாட்டுக் காரணம் இல்லை. டயலிசிஸ் ஒரு நாள் தவறினால் உம்மாவின் கால் வீங்குவதை மூன்று பேரும் கண்டிருக்கிறோம்.

முதலில் அளந்தோம். சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை முன்னுக்கு 19 அங்குலம், பின்னுக்கு 21. இரண்டு பக்கமும் ஒரே அளவு. ஒரு பக்கம் குறைவாக இருந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் களைத்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்து புது ஸ்பிரிங்தான். ஸ்பேசர் வைத்தால் நோய் மறையும், போகாது.

முன் பக்கம் தாழ்ந்திருப்பது குறை என்று நினைக்கிறவர்கள் அதிகம். கம்பனி அதை வேண்டுமென்றுதான் அப்படி வைத்திருக்கிறது. பின்னால் 12 மூடை நெல் ஏற்றிப் பாருங்கள், கெப் நேராக நிற்கும். வெறும் கெப்பை நேராக்கிவிட்டால் மூடை ஏற்றியதும் மூக்கு வானத்தைப் பார்க்கும். அதனால் இரண்டு அங்குல வித்தியாசத்தில் ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்று கராஜ் பாஸ் சொன்னார். வரம்பில் பம்பர் இடிக்காமல் இருக்க அது போதும்.

ஒரு அங்குலம் உயர ஒரு அங்குலத் தகடு தேவையில்லை, ஏறத்தாழ அரை அங்குலம் போதும். ஷொக் அப்சோபர் கீழ்க் கையின் நடுவளவில் பிடித்திருக்கிறது, சில்லு அதன் நுனியில் இருக்கிறது. நடுவில் அரை அங்குலம் தள்ளினால் நுனி அதைப் போல இரண்டு மடங்கு அசையும். நெம்புகோல் பாடம் நடத்தும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல உதாரணம் கிடைத்தது. இது தெரியாமல் மூன்று அங்குலம் வேண்டுமென்று மூன்று அங்குலத் தகடு தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வேலை பெரிதில்லை. சேசிஸை ஸ்டாண்டில் இருத்தி, சில்லைக் கழற்றி, மேலே உள்ள மூன்று நட்டையும் கீழே உள்ள ஒரு போல்ட்டையும் எடுத்தால் ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக வெளியே வரும். அதன் தலையில் தகட்டைப் பூட்டித் திருப்பி ஏற்றுவதுதான். நடுவில் இருக்கிற பெரிய நட்டை மட்டும் தொடவே கூடாது. அமுங்கிக் கிடக்கிற ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான், கழன்றால் ஆளை அடித்துவிடும். வீட்டு முற்றத்தில் யூடியூப் பார்த்துச் செய்ய நினைக்கிற தம்பிமார் இந்த வரியை இரண்டு தரம் வாசியுங்கள். பழைய நிஸ்ஸான் டி22, எல்200 ஸ்ட்ராடா வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வேலையே இல்லை. அவற்றின் முன்னுக்கு இருப்பது முறுக்குக் கம்பி, போல்ட்டை முறுக்கித்தான் உயர்த்துவது.

மூன்று அங்குலத்துக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? முன்னுக்கு உயர உயர, எஞ்சினிலிருந்து சில்லுக்குப் போகிற சீவி ஜொயின்ட் கூடுதலாக வளைந்து நின்று சுற்றும். ரப்பர் பூட் வெடிக்கும், கிரீஸ் போகும், உள்ளே சேறு நுழையும். வட்டைக்குப் போகிற கெப்புக்கு அதுதான் கேடு. மேல் கையின் போல் ஜொயின்டும் எல்லைக்குப் போய்விடும். ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிற குணம் குறைந்து, வேகத்தில் கெப் அலையும்.

பின்னுக்கு ப்ளொக் வைப்பதில் இன்னொரு சங்கதி உண்டு, இதை ஊரில் யாரும் பேசுவதில்லை. பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையில் ஒரு கம்பி இருக்கும். பாரம் ஏறிச் சேசிஸ் தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அமுக்கம் விடுகிற வால்வு அதில் தொங்குகிறது. ப்ளொக் வைத்துச் சேசிஸை உயர்த்திவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், பாரம் இருந்தாலும் கெப் வெறுமையாக இருக்கிறது என்று வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறையும். மூடை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வருகிறவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்க் கதைக்கு வருவோம். ஸ்பேசர் உயர்த்துவது பொடியை. பின் அச்சும் டிஃபும் இருந்த இடத்திலேயே இருக்கும், அவை உயர வேண்டுமென்றால் பெரிய டயர்தான் போட வேண்டும். அப்படியே உயர்த்தினாலும், ஓடுகிற தண்ணீர் இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களை அது தூக்கிவிடும். மூன்று அங்குலம் அதன் முன்னால் என்ன?

தம்பிக்கு நாங்கள் இவ்வளவும் சொல்லியும் அவன் அசையவில்லை. கடைசியில் காக்கா மாவடிப்பள்ளியைச் சொன்னார். 2024 நவம்பர் 26இல் நடந்ததை இதை வாசிக்கிற யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மத்ரசாப் பிள்ளைகளை வீட்டுக்கு ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. உழவு இயந்திரம் நம்மிடம் இருக்கிற எந்தக் கெப்பையும்விட உயரம். அதற்குப் பிறகு தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப உம்மாவ என்ன செய்ற காக்கா?” என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கராஜில் இல்லை. மழை எச்சரிக்கை வந்தால் தண்ணீர் ரோட்டுக்கு ஏறும் முன்பே உம்மாவை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற ராத்தா வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று முடிவெடுத்தோம். ராத்தா அறையை ஒதுக்கிவிட்டார். உம்மாவுக்குத்தான் விருப்பமில்லை, கோழிகளை யார் பார்ப்பது என்கிறார். அந்தப் பேச்சு இன்னும் ஓடுகிறது.

உம்மாவின் முழங்காலையும் சொல்ல வேண்டும். ஒரு அங்குலம் உயர்ந்ததற்கே ஏறுவதற்குச் சிரமப்பட்டார். பக்கத்தில் மிதிபலகை அடித்தோம், உள்ளே பிடிக்க ஒரு கைப்பிடியும் வைத்தோம். எங்கள் செலவில் பிரயோசனமானது எதுவென்று கேட்டால் ஸ்பேசரைச் சொல்லமாட்டோம், அந்த மிதிபலகையைத்தான் சொல்வோம்.

பூட்டிய அன்றே வீல் எலைன்மென்ட் பார்க்க வேண்டும், நாளைக்கு என்று விட்டால் புது டயரும் ஒரு பக்கம் தேயும். ஹெட்லைட்டையும் இறக்குங்கள். முன்னுக்கு உயர்ந்தால் வெளிச்சமும் உயரும், எதிரே மோட்டார் சைக்கிளில் பிள்ளையை வைத்துக்கொண்டு வருகிறவரின் கண்ணில் அடிக்கும். உயர்த்துவதற்கு முன்னமே வெளிச்சம் சுவரில் எந்த உயரத்தில் விழுகிறது என்று கோடு போட்டு வைத்தால் பிறகு சரிசெய்வது லேசு. 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். எங்களுடையதில் ஒன்று அரைச் சுற்று வந்தது.

2025 ஜனவரியிலிருந்து பொலிஸ் வாகனங்களில் கூடுதலாகப் பூட்டியவற்றைப் பார்த்துக் கழற்றச் சொன்னதும் ஞாபகம் இருக்கட்டும். பெரிய மாற்றம் செய்யப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

தம்பி ப்ளொக்கை இன்னும் மறக்கவில்லை. நேற்றும் ஒரு படம் அனுப்பியிருந்தான். காக்கா பதில் போடவில்லை.