கரண்ட்டுக்குப் பட்டு வேட்டி

கடலூர் மாவட்டத்துக்காரனிடம் மின்சாரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கக் கூடாது. நெய்வேலி எங்கள் மாவட்டம். 1962-லிருந்து பழுப்பு நிலக்கரியை எரித்து ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்புகிற மண். மின்சாரம் இல்லாமல் இருப்பதும் எங்களுக்கு அத்துப்படி. 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கரையேறியபோது கம்பமெல்லாம் வாழை மரமாய்ச் சாய்ந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு.

இப்படிப்பட்ட மாவட்டத்தில் பிறந்த சிதம்பரம் நண்பன் போன் பண்ணினான். ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பவர் கார்டு வாங்கப் போகிறானாம். (பின்பக்கத்திலிருந்து சுவருக்குப் போகுமே, அந்தக் கறுப்பு ஒயர்தான் ஸார்.) விலை 38,000 ரூபாய்.

"மாப்ளே, ஒரு வாரம் கேட்டுப் பாத்துட்டுப் பணம் குடுத்தாப் போதும்னு அனுப்பியிருக்கான். இரைச்சலே போயிடுச்சுடா! நீ வந்து கேளு."

சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். மஞ்சக்குப்பத்தில் ஆரம்பித்து, கெடிலம் பாலம், ஓல்டு டவுன், மூக்கைப் பொத்த வைக்கும் சிப்காட், பிறகு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று பஸ் போகிறது. வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கம்பி கூடவே வந்தது. ஒரு இடத்தில் கம்பியில் காக்காய். ஒரு இடத்தில் பட்டம். ஒரு டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸுக்குப் பதிலாக யாரோ முறுக்கி விட்ட கம்பி. இத்தனையும் தாண்டி வருகிற கரண்ட்டுக்குக் கடைசி ஆறடியில் மட்டும் பட்டு வேட்டி கட்டி மாலை போட்டால் மாப்பிள்ளை ஆகிவிடுமா?

மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் நண்பன் வீடு. அவன் மனைவி சுடச்சுட இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வைத்தார். சிதம்பரத்தில் கொத்சு சாப்பிடாமல் விவாதம் ஆரம்பிக்கக் கூடாது.

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. பையனுக்கு எல்.கே.ஜி. சேர்க்க வெச்சிருந்த பணம். அது போகட்டும், இந்த ஒயர் வந்ததுலேர்ந்து அந்தப் பெட்டியைத் தொட்டா சுர்ருங்குது."

"அதெல்லாம் பிரமை" என்றான் நண்பன், பாம்பு மாதிரி தடியாக இருந்த ஒயரைத் தடவியபடி.

பாட்டுப் போட்டான். உண்மையைச் சொல்ல வேண்டும். பழைய ஒயரில் பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்...' என்று ஒரு வண்டு இரைந்துகொண்டிருந்தது. புது ஒயரில் வண்டு இல்லை! நான் குழம்பிப்போனேன்.

நல்லவேளை, அன்று நண்பனின் மனைவிக்குப் பெரியப்பா வந்திருந்தார். நெய்வேலியில் முப்பது வருஷம் மின்சாரத்தோடு குடித்தனம் நடத்தி ரிட்டயரானவர். ஒயரைப் பார்க்கவே இல்லை. நேராகச் சுவர் பிளக்கைப் பிடுங்கினார்.

"மாப்பிள்ளை, இது அமெரிக்கா பிளக்கு. நம்ம ஊர் ஓட்டையில போகலைன்னு ரெண்டு பின் அடாப்டர் போட்டிருக்கீங்க. எர்த் எங்கே?"

அமைதி.

பிறகு அவர் விளக்கியது இதுதான். ஆம்ப்ளிஃபயர் சுவர் வழியாக ஓர் எர்த்தில் சேர்கிறது. அதோடு இணைத்திருந்த டி.வி.க்கு வரும் கேபிள் ஒயரின் மேலுறை வேறெங்கோ இன்னோர் எர்த்தில் சேர்கிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்னதாய் ஒரு வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் போதும், அந்த உறை வழியே கரண்ட் சுற்றி வரும். அதுதான் வண்டு. இரண்டு பின் அடாப்டர் ஒரு எர்த்தை வெட்டிவிட்டது. சுற்று அறுந்தது, வண்டு செத்தது. கூடவே பாதுகாப்பும் செத்தது! உள்ளே ஒரு ஒயர் விடுபட்டுப் பெட்டியின் தகட்டில் பட்டால், தொடுகிறவர்தான் எர்த். அந்தப் பெட்டி இருந்தது மூன்று வயசுப் பையன் கைக்கு எட்டும் உயரத்தில்.

பெரியப்பா கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றினார். பழைய ஒயரை மூன்று பின்னோடு செருகினார். வண்டு இல்லை. சில நூறு ரூபாய்க்கு ஐசொலேட்டர் ஒன்று வாங்கி கேபிளில் மாட்டினால் டி.வி.யும் பார்க்கலாம் என்றார்.

"சரி, இரைச்சல் போகட்டும். ஆனா புது ஒயர்ல வயலின் கொஞ்சம் இழையுது" என்றான் நண்பன், விடாமல்.

எர்த் உள்ள அடாப்டர் வாங்கி வந்தோம். போர்வையைத் திரையாகக் கட்டினோம். திரைக்குப் பின்னால் அவன் மனைவி பூவா தலையா போட்டு ஒயரை மாற்றினார். ஒரே பாட்டு, பன்னிரண்டு தடவை. நண்பன் ஆறு சரியாகச் சொன்னான். காசு சுண்டியே சொல்லியிருக்கலாம். அமெரிக்காவில் 2004-ல் இசை ரசிகர்கள் சேர்ந்து பவர் கார்டுக்கென்றே இப்படி ஒரு பரீட்சை வைத்தார்கள். 149 தடவையில் சரியான விடை 73. அங்கேயும் பூவா தலையாதான்.

ஏன் இப்படி? ஆம்ப்ளிஃபயருக்குள் கரண்ட் போனதும் டிரான்ஸ்பார்மர் அதைக் குறைக்கிறது, ரெக்டிஃபயர் டி.சி.யாக்குகிறது, கெப்பாசிட்டர் தொட்டி மாதிரி தேக்கி வைக்கிறது. நொடிக்கு 100 தடவை தொட்டி நிரம்புகிறது. ஸ்பீக்கருக்குப் போவது தொட்டித் தண்ணீர். வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் சென்னை போகிற தண்ணீருக்கு, கடைசி ஆறடிக்கு வெள்ளிக் குழாய் மாட்டினால் ருசி மாறுமா? சாதாரண ஒயரில் 200 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு இழப்பாகும் வோல்டேஜ் கணக்குப் போட்டால் 230-ல் 0.1 கூடத் தேறாது. எதிர்வீட்டு மோட்டார் ஓடினால் அதைவிடப் பல மடங்கு இறங்குகிறது.

"நெய்வேலி கரண்ட்டுல சுத்தம் ஜாஸ்தியா பெரியப்பா?" என்று கேட்டு வைத்தேன்.

"அப்படித் தனியா ஒண்ணும் கிடையாது தம்பி. 2013 கடைசி நாள்ல நம்ம தென்னிந்திய கிரிட்டை வடக்கோட இணைச்சிட்டாங்க. எல்லாம் கலந்து ஓடுது. அதுக்கு ஊரு பேரு கிடையாது."

சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். சிதம்பர ரகசியம் தெரியுமல்லவா? திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்கும், பின்னால் வெறும் ஆகாசம். அதைப் பார்த்தால் மனசு நிறைகிறது, டிக்கெட்டும் இல்லை. எங்கள் போர்வைத் திரைக்குப் பின்னாலும் வெறும் ஆகாசம்தான். ஆனால் அதற்கு 38,000 ரூபாய் கேட்கிறார்களே!

ஒயர் திங்கட்கிழமை திரும்பிப் போயிற்று. எல்.கே.ஜி. பணம் பிழைத்தது. பெரியப்பா எர்த் பைப்பைத் தோண்டிப் பார்த்தார், துருவேறிப் பாதி காணோம். கடலோரத்து உப்புக் காற்று உள்ள ஊர்களில் இது சகஜமாம். புதுப் பைப் இறக்கிக் கரியும் உப்பும் போட்டு மூடினார். மெயினில் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டினார். கரண்ட் தப்பான வழியில், அதாவது நம் உடம்பு வழியில், கசிந்தால் சட்டென்று ஆஃப் ஆகிவிடுமாம்.

உங்கள் வீட்டு ஸ்டீரியோவுக்கும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வண்டு இரைந்தால் முதலில் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். என்ன ஆனாலும் மூன்றாவது பின்னை வெட்டாதீர்கள். தொட்டால் சுர்ரென்றால் பிரமை என்று சொல்லாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கோடையில் எர்த் குழிக்கு ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மாதம் ஒரு தரம் ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். 'டக்' என்று வீடே ஆஃப் ஆக வேண்டும். அந்த ஒரு சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வயலின் இழைகிறதா என்று பார்க்கலாம்.