மூன்றாவது வரிசை

எங்கள் வாசலில் இரண்டு பெரிய வண்டிகள் நிற்கின்றன. கணவரின் அண்ணன் வாங்கியது டாடா சஃபாரி. நாங்கள் வாங்கியது மஹிந்திரா எக்ஸ்யூவி 700. இரண்டும் டீசல். அய்யலூர் தக்காளி மண்டியில் வேலை முடிந்து அண்ணனும் தம்பியும் திண்ணையில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்த இரண்டு வண்டியில்தான் வந்து நிற்கும். "அண்ணே, ஒங்களுது 170 குதிரைதான். எங்களுது 185" என்பார் என் கணவர். "ஓட்டிப் பாத்துட்டுப் பேசுடா" என்பார் அவர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீளம் சஃபாரியில் 2,741 மில்லிமீட்டர், எக்ஸ்யூவியில் 2,750. வித்தியாசம் 9 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நக அகலம். அதற்காக ஒரு ராத்திரியே போயிருக்கிறது.

என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்ல எனக்கும் நிறைய இருந்தது. இரண்டு வண்டியையும் கடைசி வரிசையிலிருந்து பார்த்தவள் நான்.

எந்த வண்டியில் போனாலும் எங்கள் வீட்டில் உட்காரும் வரிசை ஒன்றுதான். முன்னால் அண்ணனும் தம்பியும். நடுவில் மாமனாரும் வளர்ந்த பையன்களும். கடைசியில் நானும் ஓரகத்தி அக்காவும் பிள்ளைகளும் புளிசாதத் தூக்கும். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே எங்கள் கால்கள் பின்னால் போய்விடும்.

அங்கிருந்து பார்த்தால் ஒப்பீடு வேறு மாதிரி இருக்கும். எங்கள் வீட்டுச் சஃபாரி ஆறு பேருக்கானது. நடுவில் தனித்தனியாக இரண்டு சீட். அவற்றுக்கு இடையே புகுந்து பின்னால் போய்விடலாம். எங்கள் எக்ஸ்யூவி ஏழு பேருக்கானது. நடுச் சீட்டை மடக்கித்தான் ஏற வேண்டும். சேலை கட்டிக்கொண்டு ஏற எது சுலபம் என்றால் என் ஓட்டு சஃபாரிக்கு. டீசல் டேங்க் எக்ஸ்யூவியில் 60 லிட்டர், சஃபாரியில் 50. பெரிய டேங்க் என்றால் அதிக தூரம் நிற்காமல் போகலாம் என்பது ஆண்கள் கணக்கு. பங்க்கில் வண்டி நின்றால்தான் எங்களுக்குக் கழிப்பறை. நிற்காமல் போகும் வண்டியில் தண்ணீர் குடிக்காமல் போகிறவர்கள் நாங்கள். அந்த வகையிலும் சின்ன டேங்க்தான் எங்களுக்கு நல்லது.

இதில் வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்யூவி என் பெயரில் இருக்கிறது. நான் அரசுப் பள்ளி ஆசிரியை. கடன் என் பெயரில், தவணை என் சம்பளத்தில், ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் நான். ஆனால் வாங்கப் போன இடத்தில் விற்பனைப் பையன் ஒரு மணி நேரமும் என் கணவர் முகத்தைப் பார்த்தே பேசினான். என்னிடம் பேசியது ஒரே தடவைதான்: "மேடம், இங்க ஒரு கையெழுத்து."

வண்டி வந்த அன்று, எங்கள் பக்கத்து வழக்கப்படி, நான்கு வழிச்சாலை ஓரத்தில் இருக்கும் வண்டிக் கருப்பணசாமி கோயிலுக்குப் போனோம். நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "ஓனர் ஏறுங்க" என்றார் பூசாரி. என் கணவர் ஏறினார். நான் தேங்காய்த் தட்டோடு ஓரமாக நின்றேன். அப்போது அது எனக்குத் தவறாகவே படவில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

உறுத்தியது பழனிப் பயணத்தில். எரியோட்டில் தனியாக இருக்கும் என் அம்மாவையும் கூட்டிப் போகலாம் என்றேன். "தாராளமா வரட்டும், எடம் இருக்கு" என்றார்கள். இடம் இருந்தது மூன்றாவது வரிசையில். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சஃபாரியில் இரண்டு சீட்டுக்கு நடுவே நுழைய முடியவில்லை. எக்ஸ்யூவியில் மடக்கிய சீட்டைத் தாண்டிக் காலைத் தூக்க முடியவில்லை. முன்னால் இருந்தவர்களும் நடுவில் இருந்தவர்களும் அனுதாபத்தோடு திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நானும் யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க பாப்பா, எனக்குப் பஞ்சாமிர்தம் மட்டும் வாங்கிட்டு வா" என்று அம்மா திண்ணைக்குப் போய்விட்டார். என் சம்பளத்தில் வாங்கிய வண்டி, என் அம்மாவை விட்டுவிட்டுக் கிளம்பியது.

அடுத்த மாதம் வடமதுரையில் ஓட்டுநர் பயிற்சியில் சேர்ந்தேன். வயது 46. லைசென்ஸ் வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுச் சந்தைத் திடலில் எங்கள் வண்டியை ஓட்டிப் பழகினேன். வியாழக்கிழமை ஆடும் ஆளும் நெரியும் இடம், அன்று காலியாகக் கிடக்கும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, கிளட்ச், கிளட்ச்" என்று கத்துவாள். கிளட்ச் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளினேன். ஸ்டியரிங் நெஞ்சுக்கு மிக அருகில் வந்தது. ஏர்பேக் விரியும்போது அடிபடாமலிருக்க நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே சுமார் 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டுமாம். ஸ்கேலை வைத்து அளந்து, உயரம் கூட்டி, சாய்வைக் குறைத்து, ஒரு வழியாகப் பொருந்தினேன்.

இந்த அவஸ்தை என் உயரத்தால் மட்டும் வந்ததல்ல என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு எக்ஸ்யூவி 2021-லும் சஃபாரி 2023-லும் ஐந்து நட்சத்திரம் வாங்கின. திண்ணைப் பேச்சில் இதுவும் உண்டு. அந்த நேர் மோதல் சோதனையில் முன் சீட்டுகளில் உட்கார வைப்பவை சராசரி ஆணின் அளவில் செய்த பொம்மைகள், ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி. என் அம்மா நாலே முக்கால். ஒரே மாதிரி விபத்துகளில், சீட் பெல்ட் போட்ட பெண் ஓட்டுநருக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்று 2011-ல் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது.

வண்டி உலகத்தில் பெண்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. டாடா மோட்டார்ஸ் அன்று டெல்கோ. 1974-ல் அதன் வேலை விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றிருந்ததைக் கண்டு ஜே.ஆர்.டி. டாடாவுக்கே தபால் அட்டை போட்டுக் கேட்டவர் சுதா மூர்த்தி. அங்கே முதல் பெண் பொறியாளராகச் சேர்ந்தார். எக்ஸ்யூவி 700-இன் வடிவமைப்புக்குத் தலைமை வகித்தவர் ராம்கிருபா அனந்தன் என்ற பெண். வண்டியை ஒரு பெண் வரைந்திருக்கிறார், தவணையை ஒரு பெண் கட்டுகிறாள். ஓட்டும் சீட்டுக்கு வருவதற்குத்தான் இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

போன தை மாதம் எரியோட்டுக்குத் தனியாக ஓட்டிப் போனேன். முன்கதவைத் திறந்து, கீழே ஒரு மனைக்கட்டை போட்டு, அம்மாவைப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்தேன். பெல்ட் கழுத்தில் உரசியது. அதன் மேல் பிடியைக் கீழே இறக்கிச் சரிசெய்தேன். நான்கு வழிச்சாலை ஏறியதும் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "முன்னால ஒக்காந்தா ரோடு இப்படியா தெரியும்?" என்றார்.

கருப்பணசாமி கோயிலில் நிறுத்தி, தேங்காயை நானே உடைத்தேன்.

மறுநாள் காலையில் கணவர் வண்டியில் ஏறி முழங்காலை இடித்துக்கொண்டார். "யாரு சீட்ட மாத்துனது?"

"ஓனர்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுச் சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார். சாயங்காலம் நான் மறுபடி முன்னால் இழுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் அந்தச் சீட் தினமும் இரண்டு தடவை நகர்கிறது. அடுத்த பழனிப் பயணத்துக்குத் தேதி குறித்தாயிற்று. முன் சீட் அம்மாவுக்கு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். மூன்றாவது வரிசைக்கு யார் என்று திண்ணையில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.