டாக்டர் படிப்புக்குக் கணக்கு எதற்கு?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து என் ஓ.பி.யில் காய்ச்சல், சளியோடு இன்னொரு விசாரணையும் சேர்ந்துகொள்ளும். "சார், பொண்ணு டாக்டர் ஆகணும்கிறா. பயோ-மேத்ஸ் சேர்க்கட்டுமா, ப்யூர் சயின்ஸ் போதுமா?" கேட்பதில் நியாயம் இருக்கிறது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. கணிதம் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 200-க்குக் கட் ஆஃப் போட்ட காலத்திலும் மருத்துவ சீட்டுக்குக் கணிதத்தைச் சேர்க்கவில்லை.

ஆனால் குழந்தைகள் மருத்துவனான நான் கணக்குப் போடாமல் ஒரு மருந்துச்சீட்டுகூட எழுதுவதில்லை. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 180 மி.கி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.5 மி.லி. கொடுக்க வேண்டும். 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3.6 மி.லி. ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.8 மி.லி.தான். 'ஏழரை மில்லி' என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை அந்த அளவுக்கு ஊற்றினால் 750 மி.கி. உள்ளே போய்விடும். வேளைக்கு வேளை அப்படியே தொடர்ந்தால் கல்லீரல் கெடும்.

இது பள்ளியில் சின்ன வகுப்பிலேயே படித்த நேர்விகிதம்தான். இதற்காக யாரும் பிளஸ் ஒன்னில் கணிதம் எடுக்க வேண்டியதில்லை. ஐ.சி.யூ.வுக்குள் வந்தால் கதை வேறு. ரத்தத்தின் பி.எச். 7.4 இருக்க வேண்டிய இடத்தில் 7.1 என்று ரிப்போர்ட் வருகிறது. 0.3 தானே குறைந்திருக்கிறது? பி.எச். மடக்கை அளவு. 2-இன் மடக்கை ஏறத்தாழ 0.3. அப்படியென்றால் லிட்டருக்கு 40 நானோமோல் இருந்த ஹைட்ரஜன் அயனி 80 ஆகிவிட்டது, இரண்டு மடங்கு! மடக்கையைப் புரிந்து படித்த ஹவுஸ் சர்ஜன் அந்தத் தாளைப் பார்த்ததும் ஓடிவருவார்.

நிகழ்தகவு இன்னும் முக்கியம். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு இருக்கும் ஒரு நோய். நோயாளிகளில் நூற்றுக்கு 90 பேரையும், நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 90 பேரையும் சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை. ஆயிரம் பேருக்கும் செய்தால் நோயுள்ள 9 பேரோடு, நோயே இல்லாத 99 பேருக்கும் 'பாசிட்டிவ்' வரும். 108 பேரில் உண்மை நோயாளி 9 பேர்தான். இதை அறிந்த மருத்துவர் ரிப்போர்ட்டைக் காட்டி ஒரு தாயைக் கலங்கடிக்க மாட்டார்.

அதனால் என் பதில் இது. கணக்கு ஓரளவு வரும் பிள்ளை என்றால் பயோ-மேத்ஸ் எடுக்கட்டும். பிளஸ் ஒன் இயற்பியலிலேயே வகையிடலும் தொகையிடலும் வந்துவிடுகின்றன; ப்யூர் சயின்ஸ் பிள்ளைகள் அங்கேதான் திணறுகிறார்கள். மருத்துவ சீட் கிடைக்காமல் போனாலும் இன்ஜினியரிங் கதவு திறந்திருக்கும். அதே சமயம், கணக்கு நோட்டைத் திறந்தாலே அழும் பிள்ளையை அந்த குரூப்பில் தள்ளாதீர்கள். இரண்டு வருடத் தூக்கம் கெடுவதுதான் மிச்சமாகும். ப்யூர் சயின்ஸ் படித்துவிட்டு மிக நல்ல மருத்துவர்களாக இருப்பவர்களோடு தினமும் வேலை செய்கிறேன்.

அந்தப் பிள்ளைகளிடம் ஒரே வேண்டுகோள்: நீட் எழுதி முடித்த விடுமுறையில் பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தை எடுத்து மடக்கையையும் நிகழ்தகவையும் மட்டும் நிதானமாகப் படியுங்கள். மாநிலப் பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.