சுவரிற் பூத்த உப்பு

மனையைத் தூய்மை செய்யும் வழக்கம் எந்நாட்டினர்க்கும் பொதுவேயாயினும், அதற்குரிய பருவம் நாடுதோறும் வேறுபடும். குளிர் மிகுந்த மேனாட்டினர் பனிக்காலம் கழிந்து இளவேனில் தோன்றியவுடன் பலகணிகளைத் திறந்து வீட்டைக் கழுவுவர். பாரசீகத்தார் நவ்ரூஸ் என்னும் புத்தாண்டிற்கு முன்னர்த் தம் இல்லங்களை அலசி, அதனை 'வீடு குலுக்குதல்' என்று அழைப்பர். நம் நாட்டிற் பொங்கலை முன்னிட்டும், கிறிஸ்து பிறந்த திருநாளை முன்னிட்டும் வெள்ளையடிப்பது யாவரும் அறிந்ததே. ஆயின், எங்கள் ஆறுமுகநேரியில் இவற்றின் மேலும் ஒரு பருவமுண்டு. அது பங்குனி. மழைக்காலத்தில் நனைந்து, மாசியில் உலரத் தொடங்கிய சுவர்கள் பங்குனியில் உப்புப் பூக்கும்.

பூத்தல் என்னும் சொல்லை யான் அணிக்காகக் கூறினேனல்லேன். எங்கள் ஊரார் வழங்குஞ் சொல்லே அது. சுவரின் அடியில் முதலிற் பஞ்சுபோல் வெண்மை அரும்பும். பத்து நாளிற் பூச்சு உப்பிப் பொருக்காகி உதிரும். விரலால் தடவி நாவில் இட்டால் கரிக்கும். கடல் கிழக்கே அண்மையிலுள்ளது. உப்பளங்களோ ஊரை ஒட்டியே விரிந்து கிடக்கின்றன. உவர்மண்ணின் மேல் வீடு கட்டியவர்கள் உவரை வேண்டா என்றால் ஆகுமா? அழுக்குத் துணியை வெளுப்பதற்கு வண்ணார் அக்காலத்தில் தேடிச் சேர்த்ததும் உவர்மண்ணே என்பதனை இங்கு நினைக்குந்தோறும் எனக்கு நகை தோன்றும். ஆடைக்கு நன்மை செய்வது சுவருக்குப் பகையாயிற்று.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களிற் பெய்த பெருமழையை இம்மாவட்டத்தார் மறவார். எங்களை அடுத்த காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற் பெய்த மழை ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையினும் அது மிகுதி. தாமிரபரணி கரை கடந்தது, குளங்கள் உடைந்தன. திருநாளுக்கு ஒரு வாரமே இருந்தமையால் எங்கள் வீடு அப்பொழுதுதான் வெள்ளையடிக்கப் பெற்றிருந்தது. அவ்வெண்சுவரில் முழங்காலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வெள்ளம் செந்நிறக் கோடொன்று கிழித்துச் சென்றது. எங்கள் ஆச்சியைத் தூத்துக்குடியிலுள்ள அத்தை வீட்டிற்கு அனுப்பினோம். நெஞ்சிற் சளி கட்டும் இயல்பினர். ஈரச் சுவருள்ள அறையிற் படுக்கலாகாதென மருத்துவர் விலக்கிவிட்டார். "சுவர் காய்ந்தால் வருகின்றேன்" என்று கூறிச் சென்றார்.

சுவர் எளிதிற் காய்ந்ததன்று. மறு ஆண்டு மாசியிற் காய்ந்ததுபோற் காட்டிப் பங்குனியில் முன் எவ்வாண்டும் காணாத அளவிற் பூத்தது. என் தந்தையார் உப்பளத்தில் வேலை செய்பவர். வெள்ளத்தில் வரப்புகள் கரைந்து, பாத்திகளில் வண்டல் படிந்துவிட்டமையால், அவற்றைத் திருத்தும் வரையிற் கூலி சுருங்கியே இருந்தது. கையிலிருந்த பொருள் ஒரு முறை செலவிடுவதற்கே போதும். சிமெண்டுப் பூச்சினால் ஒரே வாரத்தில் மூடிவிடலாம் என்பது அவர் கருத்து. அப்படிச் செய்து தருவதாக ஒருவர் விலையும் பேசிச் சென்றார்.

அதனை மாற்றியவர் முதிய கொத்தனார் ஒருவர். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "உப்பை உள்ளே வைத்துப் பூட்டினால் அது சும்மா இருக்குமா, தம்பி? வேறு வாசல் தேடும்" என்றார். "அப்படியானால் என்ன செய்ய, அண்ணாச்சி?" என்று தந்தையார் வினவினார். "வருகிற வழியை விட்டுக் கொடுங்கள்" என்பதே விடை.

இதன் உண்மையைப் பின்னர் நூல்களிற் படித்தறிந்தேன். நிலத்து நீர் செங்கல்லின் நுண்டுளைகள் வழியே உப்பைச் சுமந்து மேலேறும். நீர் ஆவியாகிக் காற்றிற் கலக்கும். உப்போ அங்கேயே தங்கிப் படிகமாக இறுகும். கடற்காற்றின் ஈரத்தில் இரவிற் கசிந்து, பகல் வெயிலில் மீண்டும் இறுகும். இங்ஙனம் இறுகுந்தோறும் துளைகளை நெருக்கிக் கல்லையே பொடியாக்கும். சிமெண்டு ஈரத்தை எளிதில் வெளிவிடாது. ஆதலின், அதன் பின்னே நீர் இன்னும் உயர ஏறிப் பூச்சின் மேல் விளிம்பிற் புறப்படும். சுண்ணச்சாந்தோ மென்மையானது, ஈரத்தை வெளிவிட்டு, உப்பைத் தான் ஏற்று, காலப்போக்கில் தானே உதிரும். கல் பிழைக்கும். செங்கல்லும் சுண்ணமுமாக எழுப்பிய எங்கள் பழைய வீட்டிற்கு அதுவே ஏற்றதாயிற்று.

பங்குனி முழுதும் அவ்வேலையே. வெள்ளக் கோட்டிற்கு இரண்டடி மேல் வரையிற் பழம்பூச்சைச் செதுக்கினோம். பூத்த உப்பை உலர்ந்த துடைப்பத்தாற் கூட்டி, முறத்தில் ஏந்திப் புறத்தே கொட்டினோம். நீர் ஊற்றிக் கழுவினால் உப்புக் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே புகுமாதலால், அவ்வாறு செய்தல் கூடாது. பின்னர்க் களிமண்ணையும் மணலையும் நல்ல நீரிற் பிசைந்து சுவரில் அப்பினோம். அம்மண் உலரும்பொழுது உள்ளிருக்கும் உப்பை உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்ததும் உரித்தெறிந்து, புதிதாக அப்புவோம். மூன்று முறை இங்ஙனம் செய்தோம். முதன்முறை உரித்த மண் வெயிலில் வெள்ளென மின்னிற்று; மூன்றாம் முறை உரித்தது வெறும் மண்ணாகவே இருந்தது. சித்திரையிற்றான் சாந்து பூசினோம். அதற்கிடையில் ஓடுகளை மாற்றினோம். பனங்கைகளிற் கறையான் அரித்தவற்றைக் களைந்தோம். அவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வெள்ளையடிக்கக் கிளிஞ்சற் சுண்ணாம்பு வாங்கினோம். நீர் பட்டதும் அது சீறிக் கொதிக்கும். கண்ணில் தெறித்தாற் பார்வைக்கே கேடாதலின், என் தங்கையை அம்மா அருகே விடவில்லை. நீற்றியதனை வடிகட்டிக் கஞ்சியும் சிறிது நீலமுங் கலந்து, மோர்ப் பதத்தில் மூன்று முறை பூசினோம். பூசும்பொழுது ஒன்றும் தோன்றாது. உலர உலர வெண்மை வெளிப்படும். காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சுண்ணம் மீண்டும் கல்லாக மாறும் நிலை அது.

இக்கரையின் வெண்மைக்கு வேறொரு கணக்கும் உண்டு. முன்னோர் பலர் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளை வெட்டிக் கட்டடத்திற்கும் காளவாய்க்கும் கொணர்ந்தனர். அங்குள்ள 21 தீவுகளிற் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு நீரில் மூழ்கிப் போனமைக்கு அவ்வெட்டு ஒரு காரணம் என்பர். 1986-இல் அத்தீவுகள் கடற்பூங்காவாகக் காக்கப்பட்டன. 2001-இற் பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. பழைய வீடுகளின் சுவரைச் செதுக்கும்பொழுது பூவேலைபோன்ற துளைகளுடைய கல் இடையிடையே தென்படின், அது எங்கிருந்து வந்ததென்று இப்பொழுது எண்ணாதிருக்க இயலவில்லை.

ஆச்சி வைகாசியில் வந்தார். வாசலிலேயே நின்று உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். பிறகு புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தம் கட்டிலை அச்சுவரின் ஓரமாகவே போடச் சொன்னார். மறு மழைக்காலத்தில் அவருக்கு இருமல் இருந்தது. ஆனால் அறையை விட்டுப் போகும்படி நேரவில்லை.

2025-ஆம் ஆண்டுப் பங்குனியில் வடசுவரின் மூலையில் மட்டும் கையகலம் பூத்தது. தந்தையார் முறத்தை எடுத்தார். யான் களிமண் பிசையப் போனேன்.